மிச்சக் காற்று

ஏற முடியவில்லை. ஒரு சாண் மேலே போனால் போதும், இடது காதுக்குள் வலி கிளம்பிவிடுகிறது. கிளம்பினால் சும்மா இருப்பதில்லை, தாடை, கடைவாய்ப் பல், கண்ணுக்குப் பின்பக்கம் என்று ஊர்கோலம் போய்விட்டுத்தான் அடங்குகிறது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் கீழே இறங்குகிறேன். வலி குறைகிறது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டர் ஏழு மீட்டர் என்கிறது. ஏழு மீட்டர் என்றால் இரண்டு மாடி, அவ்வளவுதான். தலையைத் தூக்கினால் தணிகாசலத்தின் படகு தெரிகிறது. பச்சைத் தண்ணீரில் அதன் அடிவயிறு மட்டும் கறுப்பாக ஆடுகிறது. அவன் இந்நேரம் பீடி பற்றவைத்திருப்பான். எனக்கு எதிரே அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோமளவல்லி அம்மா நிற்கிறார். ஐம்பத்தெட்டு வயது, நாமக்கல்லில் மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைத் தள்ளியவர், போன மாதம் ஓய்வு பெற்ற கையோடு கடலுக்கடியில் போகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று புதுச்சேரிக்கு வந்தவர். நான்கு நாள் பயிற்சி. இன்று கடைசி முக்குளிப்பு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டம் காட்டுகிறார். எல்லாம் சரியா என்று அதற்குப் பொருள். நானும் வட்டம் காட்டுகிறேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் வட்டம் காட்டியிருப்பேன், விரலே அந்த வடிவத்தில் வளைந்துபோயிருக்கும். காட்டியதில் பாதி பொய் என்று இப்போது நினைத்துக்கொள்வதில் பிரயோசனம் ஒன்றும் இல்லை.

எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன். தாடையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறேன். காதுக்குள் அடைபட்ட காற்று, பதினாறு மீட்டர் ஆழத்தில் சுருங்கிக் கிடந்தது, ஏற ஏற விரிகிறது. வெளியே வர ஒரே வழி மூக்குக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னக் குழாய். அது சளியில் வீங்கி மூடிக்கொண்டது. இறங்கும்போது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதலாம். ஏறும்போது ஊதினால் இருக்கிற காற்றோடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டு விழுங்க வேண்டும். விழுங்குகிறேன். தொண்டை காய்ந்து கிடக்கிறது, சிலிண்டர் காற்று அப்படி, கருவாட்டுக்கு வேண்டிய ஈரம்கூட அதில் இருக்காது. இதையெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்ததும் மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. அடுப்படியில் நின்றபடியே என் மனைவி பிலோமினா கேட்டாள், "இந்த மூக்கோட இன்னிக்குப் போவணுமா?" கடைசி நாள், அந்த அம்மா ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டாங்க என்றேன். "அவங்க டிக்கெட் போட்டா உன் மூக்கு தெறந்துக்குமா?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் அலமாரியில் இருந்த சளி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தெரியாமல் என்ன, அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள், தெரிந்துதான் காட்டினாளோ என்னவோ. எட்டு மணிக்கு மூக்கு திறந்தது. என்னமாய்த் திறந்தது. கடற்கரைச் சாலையில் வண்டியில் போகும்போது மீன் வாடை, காப்பி வாடை, சாக்கடை வாடை எல்லாம் தனித்தனியாக வந்தது. அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை நான்தான் சொல்கிறேன், தினமும், படகு கிளம்பிக் கால்மணி நேரம் ஆனதும், கரையில் கட்டடங்கள் தீப்பெட்டி அளவுக்கு ஆகும் சமயத்தில். சளி இருந்தால் சொல்லுங்கள். மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தாலும் சொல்லுங்கள், போகும்போது திறந்துவிடும், வரும்போது மூடிக்கொள்ளும், மாத்திரைக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். உங்கள் குமிழியைவிட வேகமாக ஏறாதீர்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள், உடம்பில் ஊறிய வாயு மெல்ல வெளியேறட்டும். ஜோடியை விட்டுப் பிரியாதீர்கள். உங்கள் காற்று முள்ளையும் பாருங்கள், ஜோடியின் முள்ளையும் பாருங்கள். பூசையில் ஜெபம் சொல்வதுபோல வாய் சொல்லிக்கொண்டே போகும், நான் வேறெங்கோ இருப்பேன். கேஸ் புக் செய்தோமா, பெண்ணிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை ஏன் போன் வரவில்லை, தோள்பட்டை வலி போகுமா போகாதா. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது இதற்கும் பொருந்தும். இன்று காலை கோமளவல்லி அம்மா மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். "சார், மாத்திரை எத்தன மணி நேரம் வேல செய்யும்னு போட்டுக்கட்டும்?" என்று கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும்மா, அதனாலதான் வேணாங்கறது என்றேன். சொல்லும்போது கூச்சமே இல்லை. ஒரு துளி கூச்சம் வந்திருந்தால்கூட நான் இப்போது தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். படகில் கூட வந்திருந்த அவருடைய வீட்டுக்காரர் கடலுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கையில் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம். "இவ சொன்னா சொன்னதுதாங்க," என்றார் என்னிடம். "முப்பத்தி மூணு வருஷமா நானும் பாக்குறேன்." அந்த அம்மா நோட்டிலிருந்து நிமிரவில்லை.

மறுபடி ஏறிப் பார்க்கிறேன். ஆறு புள்ளி எட்டு. ஆறு புள்ளி ஐந்து. காதுக்குள் ஓர் எலி அலறுவதுபோல மெல்லிய சத்தம். ஆறு புள்ளி நான்கு. வேண்டாம். இறங்குகிறேன். ஏழரை. அவரும் என்னோடு ஏறி என்னோடு இறங்குகிறார், ஏன் என்று கேட்காமல். பயிற்சியில் இதுவும் ஒரு பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். சொல்லிவிடலாம். கையைத் தட்டையாக நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டி, அப்புறம் காதைத் தொட்டுக் காட்டினால் போதும், காதில் கோளாறு. ஒரு கணத்து வேலை. கை கயிற்றை விட்டு எழவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் எனக்குக் காட்டியதுண்டு, நான் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் காட்டியதில்லை. அது என்ன வீம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தணிகாசலத்தைக் கேட்டால் சொல்வான். "அமலோரு, நீ மீனுக்கே நீச்சல் சொல்லித் தர்ற ஆளு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான். அவன் கிண்டல் பண்ணப் பண்ண எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே வந்திருக்கிறது, இத்தனை வருடம். கேலியையே பாராட்டு மாதிரி சேர்த்து வைத்துக்கொள்கிறவன் நான். ஒரு சொறிமீன் எங்கள் இருவருக்கும் நடுவில் குடை விரித்து மடக்கிக்கொண்டு போகிறது. கோமளவல்லி அம்மா உடம்பை ஒதுக்கி வழிவிடுகிறார். கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாகத் தெரிகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறார். அதைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. எனக்கும் முதல் வருடத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு சொறிமீனுக்கு வழிவிட்டுவிட்டு அதை நாள் பூராவும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இடது காது மட்டும்தான் எனக்கு இருக்கிறது. வலது காது ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே போனது, அதுவும் இதே சளியில், இறங்கும்போது அடம்பிடித்து ஊதியதில். அப்போது இரண்டு நாள் உலகம் ராட்டினம் மாதிரி சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனேன். சுற்றல் நின்றது, காது திரும்பவில்லை. இப்போது அந்தப் பக்கம் யாராவது பேசினால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஒரு முணுமுணுப்பு, வார்த்தை பிடிபடாது. போனை இடப்பக்கம் மாற்றிக்கொண்டேன். பைக்கில் பிலோமினா பின்னால் உட்கார்ந்து பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வேன், அதற்குக் கழுத்து பழகிவிட்டது. நான் வேலை பார்க்கும் முக்குளிப்புக் கடையில் யாருக்கும் தெரியாது. வலப்பக்கம் நின்று பேசுகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிடுவேன். பாதிப் பேச்சுக்குத் தலையாட்டினால் போதும், மனிதர்கள் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. காது டாக்டர் அப்போதே சொன்னார், கொஞ்சம் கோபக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார், "செவிப்பறை கிழிஞ்சா ஒட்டிக்கும். உள்காது கிழிஞ்சா ஒட்டாது. ரெண்டாவதையும் தண்ணிக்குக் கொடுத்துட்டு வந்து என்கிட்ட அழாதீங்க. தொழில மாத்துங்க." நாற்பத்தொரு வயதில் என்ன தொழிலை மாற்றுவது. மாற்றவில்லை. இப்போது நாற்பத்தாறு. மாற்றியிருந்தால் எதற்கு மாற்றியிருப்பேன் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. ஓட்டல் வாசலில் நின்று கார்களுக்குக் கை காட்டுகிற வேலை தெரியும், ஒரு மச்சான் அதைச் செய்கிறான், அங்கேயும் ஹாரன் காதில் விழ வேண்டும். கேட்காமல் போனால் எது போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கோயில் மணி போனால் போகட்டும், எந்த நேரமும் அடிக்கிறார்கள். குக்கர் விசில் போகட்டும். பிலோமினாவின் வசவு. அதைப் போகட்டும் என்று நினைக்க முயல்கிறேன், முடியவில்லை. பெண் பிரான்சில் இருக்கிறாள், வாரம் ஒரு தடவை போனில் வருகிறவள், என்னிடம் அவள் முக்கால்வாசி பேசாமல் இருந்துவிட்டு "அப்புறம்பா?" என்பாள். அந்த அப்புறம்பாவுக்கு நான் என்ன செய்வது. பயமாக இருக்கிறது.

சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள்ளைப் பார்க்கிறேன். முப்பது. இறங்கும்போது நூற்று முப்பதில் இறங்கினேன். அவர் சிலிண்டர் இருநூறு, நிரம்பியது. இது எங்கள் கடைப் பழக்கம். பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் புது சிலிண்டர், சொல்லிக்கொடுக்கிறவனுக்கு முந்தைய முக்குளிப்பில் யாரோ மிச்சம் வைத்தது. மிச்ச சிலிண்டர் என்றே அதற்குப் பெயர், வால்வில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி ஒதுக்கி வைத்திருப்போம். யாரும் கட்டளை போட்டதில்லை. கம்ப்ரசர் மக்கர் பண்ணிய ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது, கம்ப்ரசர் சரியான பிறகும் நிற்கவில்லை. குறைவான காற்றில் போய் வருவதில் எங்களுக்குள் ஒரு பெருமை சேர்ந்துகொண்டது. "நான் எழுபதுல போயிட்டு வந்தேன்" என்று சாயங்காலம் சிலிண்டர் கழுவுகிற இடத்தில் சொல்லிக்கொள்வோம். நமக்கு மூச்சு கம்மிதான், நாம என்ன அவங்க மாதிரி வாங்கி வாங்கி விடறோமா என்போம். ஊருக்குத்தான் உபதேசம். மிச்ச சோறு தின்கிறவன் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வது மாதிரிதான் இதுவும். சாதாரண நாளில் அது பரவாயில்லை, ஏறிப் போய்விடலாம். பத்து நிமிடம் கயிற்றில் தொங்க வேண்டியிருக்கும் நாளுக்கு அது போதாது. அப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகத்தான் நிரம்பிய சிலிண்டர் என்பதும் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். எங்கே சொல்வேன், இரண்டாம் நாள், வகுப்பறையில், மின்விசிறிக்கு அடியில்.

அவரை மட்டும் மேலே அனுப்பிவிடலாம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் மேலே போ என்று அர்த்தம். தண்ணீர் அமைதியாக இருக்கிறது, கயிறு நேராகப் படகுக்குப் போகிறது, தணிகாசலம் கையைக் கொடுத்து ஏற்றிவிடுவான். அப்புறம் நான் தனியாக நின்று, காற்று தீருகிறவரை, காதோடு மல்லுக்கட்டலாம். அவன் இன்னொரு சிலிண்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினாலும் இறக்கலாம், அவர் போய்ச் சொன்னால். சொல்வதற்கு அவருக்குத் தெரிய வேண்டுமே, நான்தான் வட்டம் காட்டிக்கொண்டிருக்கிறேனே. இருந்தாலும் கட்டைவிரலைத் தூக்குகிறேன். அவரைக் காட்டி, மேலே. அவர் தலையை ஆட்டுகிறார், மாட்டேன் என்று. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்துக் காட்டுகிறார். ஜோடியாக. நான் முறைக்கிறேன். மாஸ்க்குக்குள் முறைத்து என்ன தெரியப்போகிறது. அவர் கொஞ்சம் நகர்ந்து வந்து, என் மிதவை ஜாக்கெட்டின் தோள்வாரை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல, விடுகிற உத்தேசமே இல்லாமல். அவர் கை நடுங்குவது வார் வழியாக எனக்குத் தெரிகிறது. குளிர். பத்து நிமிடமாக அசையாமல் நிற்கிறோம், அவர் போட்டிருப்பது மெல்லிய உடை. இந்த நிலைமையில் அவர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. மின்வாரியத்தில் இவரிடம் கையெழுத்துக்கு வந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று தெரிகிறது. எல்லாம் விதிப்படி. என் விதிப்படி.

இருபது. அவருடைய கண் என் முகத்தில் இல்லை, என் இடுப்புப் பக்கம் தொங்கும் முள்ளில் இருக்கிறது. குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். தன் முள்ளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அவருடையது ஐம்பத்தைந்து. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஓர் அலுவலகத்துப் பொறுமை இருக்கிறது. பிறகு என் காதைப் பார்க்கிறார். நான் எப்போது கையால் காதைப் பொத்திக்கொண்டேன் என்று தெரியவில்லை, பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் பதறவில்லை. ஜோடிக்குக் காற்று கொடுக்கவென்று தன் மார்பில் செருகியிருந்த உபரி வாய்க்குழாயை, அந்த மஞ்சள் குழாயை, இழுத்து எடுத்து, தலைகீழாகப் பிடிக்காமல், சரியான பக்கம் திருப்பி, என் வாய்க்கு நேரே நீட்டுகிறார். நேற்றுச் சாயங்காலம் முழங்கால் மண்ணில் படிய எட்டு மீட்டரில் இதைத்தான் ஆறு தடவை செய்தோம், ஆறு தடவையும் அவர் தலைகீழாகவே நீட்டினார். எடுத்துக்கொண்டால் என்ன. ஐம்பத்தைந்தில் இருவரும் இன்னும் ஏழெட்டு நிமிடம் தாராளமாக நிற்கலாம். ஏழெட்டு நிமிடத்தில் வீக்கம் ஒரு நூல் அளவு தளர்ந்தாலும் போதும், காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே போய்விடும், அப்படிப் போனதைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். நான் தலையை ஆட்டுகிறேன், வேண்டாம். அவர் மறுபடி நீட்டுகிறார். அவருடைய காற்று அவர் பத்திரமாக ஏறுவதற்கு, அதில் கை வைக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பொய். அது இல்லை காரணம். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும், இந்த ஆழத்தில் எனக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. கையால் அந்த மஞ்சள் குழாயை மெல்ல ஒதுக்கி, கட்டைவிரலை மேலே காட்டி, வட்டம் காட்டுகிறேன். போகலாம். எல்லாம் சரி.

ஆறரை மீட்டர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஆறில் கண்ணில் தண்ணீர் வந்தது, மாஸ்க்குக்குள் அதைத் துடைக்க முடியாது. ஐந்து புள்ளி ஏழில் உள்ளே ஒரு துணி கிழிகிற சத்தம் கேட்டது, சத்தம் என்றால் சத்தம்கூட இல்லை, எலும்பில் கேட்டது. வலி சட்டென்று நின்றுவிட்டது. அந்த ஒரு நொடி என்ன நிம்மதி, சொல்ல முடியாது, அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடி ஜில்லென்று ஏதோ தலைக்குள் இறங்கியது, கடல் உள்ளே வந்துவிட்டது. படகு இடப்பக்கம் போனது, பிறகு கீழே போனது, கயிறு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார், குமிழி பொய் சொல்லாது என்று வகுப்பில் சொல்வேன். பார்த்தேன், குமிழியும் சுற்றியது. வாய்க்குழாய்க்குள் வாந்தி எடுத்தேன். எடுக்கலாம், குழாயைக் கழற்றாமல் எடுக்கலாம், அதுவும் பாடத்தில் உண்டு. தோள்வாரில் ஒரு பிடி இருந்தது. மற்றதெல்லாம் சுற்றியபோது அது ஒன்றுதான் ஓரிடத்தில் இருந்தது. என் ஜாக்கெட்டில் காற்று விரிந்து என்னை மேலே இழுத்தபோது யாரோ அதன் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு விரலால், அவசரமில்லாமல். என் குமிழியைவிட மெதுவாகத்தான் ஏறினோம். வெயில் முகத்தில் பட்டதும்தான் மேலே வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

படகு பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் நீலப் புகை வரும், வந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. தணிகாசலம் வாயைத் திறந்து மூடினான், அவனுக்கு எட்டூருக்குக் கேட்கும் குரல். நான் தலைக்கு மேல் கையை வளைத்து வட்டம் காட்டினேன். விரல் பழக்கம். அவன் குனிந்து என் மாஸ்க்கைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது, இரத்தம் இருந்திருக்கும். அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டான், மீன் பெட்டியை இழுப்பது மாதிரி. பலகையில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன். உலகம் இன்னும் லேசாக இடப்பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. இடது காதருகே விரலைச் சொடுக்கினேன். விரல் மோதியது தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு வலது காது. அங்கேயும் தண்ணீர் போயிருந்தது, அந்தப் பக்கத்து வீட்டு ரேடியோவும் இல்லை. கோமளவல்லி அம்மாவைப் படியில் ஏற்றிவிட்டான். அவருடைய வீட்டுக்காரர் துண்டைப் போர்த்தினார், முதல் தடவையாகக் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்து நடுங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். மறுபடி சொன்னார், மெதுவாக, ஏதோ கேட்கிற மாதிரி, புருவம் உயர்ந்தது. நான் சிரித்துத் தலையாட்டினேன். "சூப்பரா பண்ணீங்கம்மா," என்றேன். "பாஸ்." எனக்கு என் குரல் மண்டைக்குள் எங்கோ கேட்டது.

முப்பத்திரண்டு வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவருக்குத் தெரியாதா. பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பென்சிலால், பெரிய எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார். "நான் என்ன கேட்டேன்?" அதற்குத் தலையாட்ட முடியாது. நான் தணிகாசலத்தைப் பார்த்தேன், அவன் சுக்கானைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கரை தெரிந்தது, கலங்கரை விளக்கம் தெரிந்தது, பிலோமினா இந்நேரம் மார்க்கெட்டிலிருந்து வந்திருப்பாள், இனி அவள் என்னிடம் எழுதித்தான் திட்ட வேண்டும். டாக்டர் ஒட்டும் என்றதா இது, ஒட்டாது என்றதா, தெரிய நாளாகும். எனக்கு எழுந்திருக்கவும் தெம்பில்லை, மறைக்கவும் தெம்பில்லை. ஐந்து வருடம் தலையாட்டி ஓட்டியாகிவிட்டது, அதற்கே கழுத்து ஓய்ந்துவிட்டது. "கேக்கலம்மா," என்றேன். "ரெண்டு காதும் கேக்கல." அவர் தலையசைத்தார், அது தனக்குத் தெரியும் என்பதுபோல. நோட்டைத் திருப்பிக்கொண்டு அதே பக்கத்தில் கீழே எழுதினார். எழுதும்போது நடுங்கியதால் எழுத்து கோணிக்கொண்டு போனது. "என் காற்றை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை?" பென்சிலை என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை.

"வெக்கமா இருந்துச்சிம்மா," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்காரரின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவிப் பலகையில் உருண்டது, தணிகாசலம் இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.